கேள்விப்பத்திரம் பிறந்த கதை

நாம் வந்து குடியேறிய நாடுகளில் நகரசபைகளும் மருத்துவமனைகளும் பாடசாலைகளும் தமக்கு வேண்டிய பணிகளுட் பலவற்றை ஒப்பந்தமாகவே வெளியாருக்குக் கொடுக்கின்றன. கட்டடத் துப்புரவு, சிறுவர்க்கான மதிய உணவு, முதியோர் பராமரிப்பு, மொழிபெயர்ப்பு எனப் பல பணிகள் இவ்வாறு கைமாறுகின்றன. இரவு பத்து மணிக்குமேல் ஓர் அலுவலகத்தின் தரையைக் கூட்டித் துடைக்கும் எம்மவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் அவ்வேலையை நகரசபையிடமிருந்து நேராகப் பெற்றவர் அல்லர். நகரசபை ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுக்க, அது இன்னொன்றிடம் கொடுக்க, அது மூன்றாம் கையிடம் ஒப்படைக்க, நாலாம் கையாக எம்மவர் நிற்கின்றார். ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு ஒட்டிக்கொள்கின்றது. எஞ்சியதே அவரது கூலி.

முதற் கையாக நிற்பதற்குத் தேவையான உழைப்பும் திறமையும் அவரிடம் உண்டு. அவரைத் தடுத்து நிற்பவை ஐம்பது பக்கத் தாள்களும், அத்தாள்களில் உள்ள பத்துப் பதினைந்து சொற்களுமே. எமது சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் நகரசபையிடம் உதவிப்பணம் கோரித் திட்ட முன்மொழிவு எழுத அமரும்போதும் இதே சொற்களே வழிமறிக்கின்றன.

இச்சொற்கள் எம்மை அச்சுறுத்துவதற்காக ஆக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு பழைய ஏமாற்றமோ, ஓர் இழப்போ, ஒரு வழக்கோ இருக்கின்றது. அவ்வரலாற்றை அறிந்தவனுக்குச் சொற்கள் தாமே விளங்கும். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் விளங்கும். முத்திரையிட்ட உறையில் விலை கேட்கும் முறை, செல்வாக்கு உடையவனுக்காகப் பிறந்ததன்று. செல்வாக்கு உடையவனுக்கு உறை எதற்கு? அவன் நேராகவே வாயிலைத் தட்டுவான். உறை அறிமுகமற்றவனுக்கே வேண்டியது.

சொற்கள் சொல்லும் செய்தி

எமது ஊர்களில் மூன்று சொற்கள் வழக்கில் இருந்தன: ஏலம், குத்தகை, கொந்தராத்து. ஏலம் என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து எம்மிடம் வந்த சொல். பலர் கூடிய இடத்தில் வாய்விட்டு விலை கூறுவதும், கூடிய விலை கூறியவருக்கே பொருள் உரியதாவதும் ஏலத்தின் இயல்பு. குத்தகை என்பது ஒரு வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காக முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொள்வது. சந்தைக் குத்தகையும் கள்ளுத் தவறணைக் குத்தகையும் இத்தகையன. இங்கும் கூடிய தொகை கூறியவரே வெல்வார்.

கொந்தராத்து இதற்கு நேர்மாறானது. வீதி போடுதல், மதகு கட்டுதல், பாடசாலைக்குக் கூரை வேய்தல் போன்ற வேலைகளுக்கு அரசு பணம் கொடுக்கின்றது. ஆகவே இங்கு குறைந்த விலை கூறியவருக்கே வாய்ப்பு அதிகம். இதற்காக அரசு விடுக்கும் அழைப்பையே இலங்கையில் கேள்விப்பத்திரம் என்றும் விலைமனுக் கோரல் என்றும் அழைத்தனர். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி என்பர். இப்பெயர்களுள் கேள்வி என்பதே எமக்கு மிகப் பொருத்தமாகப் படுகின்றது. அரசு ஒரு கேள்வி கேட்கின்றது. நாம் விடை எழுதுகின்றோம். கேட்ட கேள்விக்கு விடை எழுதியவனே தேறுவான் என்பதை இச்சொல்லே எமக்கு நினைவூட்டுகின்றது.

குத்தகையின் பெருமையையும் அபாயத்தையும் காட்ட எமது கடலிலேயே ஒரு சான்று உண்டு. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை ஆங்கில ஆட்சியாளர் குத்தகைக்கு விட்டு வந்தனர். 1804ஆம் ஆண்டுக் குத்தகையை எடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவர் என்றும், 150 வள்ளங்களுடன் 30 நாட்கள் குளிக்கும் உரிமைக்காக அவர் 3,00,000 போர்ட்டோ நோவோ வராகன், அதாவது 1,20,000 ஸ்ரேர்லிங் பவுண் செலுத்த உடன்பட்டார் என்றும் அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த யேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார் எழுதி வைத்துள்ளார். அக்குத்தகைக்காரர் சில வள்ளங்களின் உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்டு, பெரும்பாலானவற்றைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். இன்று நாம் உப ஒப்பந்தம் என்று கூறுவது இதுவே. சிப்பியில் முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசுக்குச் செலுத்தவேண்டிய தொகை குறையாது. நட்டம் யார் தலையில் விழும் என்பதே எந்த ஒப்பந்தத்திலும் முதலில் தேடிப் பார்க்கவேண்டிய வரி.

உரோமரின் மதிற்சுவர்

கல்லிலே வெட்டிய ஓர் ஒப்பந்தம் இத்தாலியில் கிடைத்துள்ளது. நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையில் உள்ள புத்தெயோலி என்னும் துறைமுகப்பட்டினத்தில், செராப்பிஸ் கோயிலுக்கு எதிரே ஒரு சுவர் எழுப்புவதற்காகக் கி.மு. 105இல் செய்யப்பட்ட உடன்படிக்கை அது. ஒரு சிறிய சுவருக்கான ஒப்பந்தமே ஆயினும், இன்றைய கேள்விப்பத்திரத்தின் உறுப்புகளுட் பல அதிலே காணப்படுகின்றன.

முதலாவது விவரக்குறிப்பு. சுவரில் திறக்கவேண்டிய வாயிலின் அகலம் 6 அடி, உயரம் 7 அடி என்று அளவு கூறப்பட்டுள்ளது. எந்த மரம், எவ்வளவு தடிப்பு, சாந்தில் சுண்ணாம்பு எத்தனை பங்கு என்பனவும் எழுதப்பட்டுள்ளன. 'நல்ல சுவர் ஒன்று கட்டுக' என்று எழுதியிருந்தால், எது நல்ல சுவர் என்பதில் முடிவற்ற வழக்கு எழுந்திருக்கும். அளவு எழுதப்பட்டால் நீதவானும் நூல் பிடித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ஏற்பு. வேலை சரியா என்பதைத் தனியொருவர் தீர்மானிக்க முடியாது. நகரத்தின் அதிகாரிகளும் முன்னாள் அதிகாரிகளும் கூடிய அவையே தீர்மானிக்கவேண்டும். அவ்வவையில் 20 பேருக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

மூன்றாவது கொடுப்பனவு முறை. பாதிப் பணம் பிணை வைத்தவுடன் கிடைக்கும். மறுபாதி வேலை முடிந்து, அது ஏற்கப்பட்ட பின்னரே கிடைக்கும். இரு தரப்பாருக்கும் அச்சம் உண்டு என்பதை இவ்வொழுங்கு ஏற்றுக்கொள்கின்றது. வேலை செய்பவன் முதலின்றித் தொடங்க இயலாது. வேலை கொடுப்பவன் முழுப்பணத்தையும் முன்னரே கொடுத்துவிட்டு ஏமாற விரும்பமாட்டான்.

நான்காவது பிணை. கயுஸ் புளொசியுஸ் என்னும் ஒப்பந்தகாரர் 1,500 செஸ்ரேர்ஸ் நாணயத்துக்குத் தாமே பிணை நின்றார். அவர் பெயருக்குக் கீழே வேறு நால்வரின் பெயர்களும் உள்ளன. பிணையாக வைக்கவேண்டியது நிலம். இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். எழுதிய விவரக்குறிப்பு அறிமுகமற்றவனுக்குக் கதவைத் திறந்தது. பிணையோ அக்கதவுக்குக் குறுக்கே நின்றது. நிலமும், தனக்காகக் கையெழுத்திட நால்வரும் இல்லாதவன் எத்துணை நல்ல கொத்தனாயினும் அச்சுவரைக் கட்டியிருக்க முடியாது. நிலத்தையும் உறவையும் விட்டு வந்த எமக்கு இதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை.

நட்டத்தின் சுமையைத் தவறான தோளில் வைத்தால் என்ன நிகழும் என்பதையும் உரோமர் வரலாறே காட்டுகின்றது. கி.மு. 215இல் ஸ்பெயினில் போரிட்ட தம் படைகளுக்கு உணவும் உடையும் அனுப்ப உரோம அரசிடம் பணம் இருக்கவில்லை. 19 பேர் கொண்ட மூன்று கூட்டுகள் கடனுக்கு அப்பணியை ஏற்க முன்வந்தன. ஆனால் பகைவராலோ புயலாலோ கப்பலுக்கு நேரும் இழப்பை அரசே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையை விதித்தன. அரசும் இணங்கியது. சில ஆண்டுகளில் மார்க்குஸ் பொஸ்ரூமியுஸ் என்னும் ஒப்பந்தகாரர் பழுதடைந்த பழைய கப்பல்களில் சொற்பப் பொருளை ஏற்றிக் கடலில் மூழ்கடித்துவிட்டு, பெருஞ்சரக்கு அழிந்ததாகக் கணக்குக் காட்டினார். கி.மு. 212இல் வழக்கு எழ, அவர் நாட்டைவிட்டு அகன்றார். அக்காலத்திலிருந்து ஒப்பந்தம் எழுதுவோர் கேட்கும் கேள்வி ஒன்றே: இழப்பு நேர்ந்தால் யாருக்கு, அதற்குச் சான்று என்ன?

பெயருக்குக் கொடுத்த பணம்

இனி எமக்கு அண்மைக் காலத்துக்கு வருவோம். முத்திரையிட்ட உறை அறிமுகமற்றவனுக்கு எவ்வாறு துணை நின்றது என்பதை விளக்க, ஆகாயவிமானத்தின் கதையைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. ரைற் சகோதரர்கள் முதலிற் பறந்தனர் என்பதைச் சிறுவரும் அறிவர். அவர்கள் தமது விமானத்தை எவ்வாறு விற்றனர் என்பதைப் பலர் அறியார்.

1898இல் அமெரிக்க இராணுவத்தின் ஆயுத, அரண் சபை பறக்கும் பொறி ஒன்றை ஆக்குவதற்காக 50,000 டொலர் ஒதுக்கியது. அப்பணம் சாமுவேல் லாங்லி என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், பெரும் விஞ்ஞானி, தலைநகரின் உயர்ந்தோருடன் பழகியவர். எத்தனை மைல் பறக்கவேண்டும், எந்நாளில் ஒப்படைக்கவேண்டும், பறக்காவிடின் என்ன செய்வது என்று எவருடனும் போட்டிக்கு விடப்பட்ட விவரக்குறிப்பு அங்கு இருக்கவில்லை. மனிதரின் பெயரே போதுமானதாகக் கருதப்பட்டது. 1903 ஒக்டோபர் 7இலும் டிசெம்பர் 8இலும் அவரது பொறி பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. பத்திரிகைகள் நகைத்தன, கொங்கிரஸ் உறுப்பினர் சினந்தனர்.

இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களின் பின், 1903 டிசெம்பர் 17இல், ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ஓர்வில், வில்பர் என்னும் இரு சகோதரர்கள் கிற்றி ஹோக் மணல்வெளியில் பறந்து காட்டினர். அவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அரசின் காசு ஒன்றையும் பெறாது, தமது கடை வருவாயிலேயே அப்பொறியைச் செய்தனர்.

1905 ஜனவரியில் அவர்கள் தமது பகுதிக் கொங்கிரஸ் உறுப்பினர் ஊடாக இராணுவத்துக்கு எழுதினர். வந்த விடை, பணங்கேட்டு வரும் எண்ணற்ற கண்டுபிடிப்பாளருக்கு அனுப்பப்படும் வழக்கமான மறுப்பாகவே இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 5இல் வில்பர் 24 மைல் தூரம், 39 நிமிடம் வரை ஆகாயத்தில் நின்றார். அம்மாதமே மீண்டும் எழுதினர். ஓர் ஆளைச் சுமந்து கிடையாகப் பறக்கும் பொறியைச் செய்து காட்டும் வரை மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதற்கில்லை என்ற கருத்துடன் விடை வந்தது! அறிமுகமற்றவனின் கடிதம் அலுவலகத்தில் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? லாங்லியால் சூடுபட்ட சபை, எந்தப் பெயரையும் நம்ப அஞ்சியது. நம்புவதற்கும் நம்பாதிருப்பதற்கும் அதனிடம் ஓர் அளவுகோல் இருக்கவில்லை என்பதே உண்மைக் குறை.

486ஆம் இலக்க விவரக்குறிப்பு

1907 டிசெம்பர் தொடக்கத்தில் வில்பர் ரைற் வாஷிங்டன் சென்று சபையின் முன் தோன்றி, 25,000 டொலருக்கு ஒரு விமானம் தரலாம் என்றார். சபை இம்முறை செவிகொடுத்தது. ஆயினும் பொதுப்பணத்தைப் பேச்சளவில் ஒருவருக்குக் கொடுத்துவிடச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே 1907 டிசெம்பர் 23ஆம் திகதி, இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவு 486ஆம் இலக்க விவரக்குறிப்பை வெளியிட்டு, எவரும் விலை கூறலாம் என்று பகிரங்கமாக அழைத்தது.

அவ்விவரக்குறிப்பைக் கேள்விப்பத்திரம் எழுதுவோரும் விடையெழுதுவோரும் இன்றும் படித்தறியலாம். பொறியின் உருவம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று அது கூறவில்லை. அப்பொறி என்ன செய்யவேண்டும் என்பதை மட்டுமே கூறியது. இருவரைச் சுமக்கவேண்டும், அவ்விருவரின் மொத்த எடை 350 இறாத்தல். 125 மைல் செல்வதற்கான எரிபொருளை ஏற்றவேண்டும். காற்றற்ற வெளியில் மணிக்கு 40 மைல் வேகம் காட்டவேண்டும். ஒரு மணிநேரம் தொடர்ந்து பறக்கவேண்டும். பழுதின்றி இறங்கி, உடனே மீண்டும் எழத்தக்கதாக இருக்கவேண்டும். இராணுவ வண்டியில் ஏற்றுவதற்காகக் கழற்றவும், சுமார் ஒரு மணிநேரத்தில் பூட்டவும் கூடியதாக இருக்கவேண்டும். இருவருக்குப் பறக்கப் பழக்கிக் கொடுப்பதும் விலையுள் அடங்கும்.

வேகத்துக்கு ஒரு தராசும் வைக்கப்பட்டது. 40 மைலுக்கு மேல் செல்லும் ஒவ்வொரு மைலுக்கும் விலையில் நூற்றுக்குப் பத்துக் கூடும். குறையும் ஒவ்வொரு மைலுக்கும் நூற்றுக்குப் பத்துக் குறையும். 36 மைலுக்குக் கீழாயின் பொறி முற்றாக நிராகரிக்கப்படும். வெகுமதி, தண்டம் என்னும் இரு சொற்களின் பொருளும் இவ்வளவே. விலை கூறுவோர் தாம் கூறும் விலையின் பத்திலொரு பங்குக்கு வங்கி உறுதிசெய்த காசோலையை உறையுடன் வைக்கவேண்டும். இதுவே கேள்விப் பிணை. விளையாட்டாக விலை கூறி வேலையைப் பெற்றுவிட்டுப் பின்வாங்குவோரைத் தடுப்பது இதன் நோக்கம்.

உலகில் எங்கும் இல்லாத ஒன்றை இராணுவம் கேட்கின்றது என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. 1908 பெப்ரவரி 1இல் உறைகள் திறக்கப்பட்டபோது 41 விலைமனுக்கள் வந்திருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நிபந்தனைகளை நிறைவேற்றாதவை. எஞ்சியவை மூன்று. சிக்காகோவைச் சேர்ந்த ஸ்கொற் என்பவர் 1,000 டொலருக்கு 185 நாட்களில் தருவதாகக் கூறினார். நியூயோர்க்கின் ஹெரிங் 20,000 டொலருக்கு 180 நாட்களில் தருவதாகக் கூறினார். ரைற் சகோதரர் கூறியது 25,000 டொலர், 200 நாட்கள்.

மூன்றனுள் கூடிய விலையும் நீண்ட காலமும் கேட்டவர்கள் ரைற் சகோதரரே என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். குறைந்த விலையைத் தள்ளிவிட்டு மேலே செல்லச் சட்டம் இடந்தராததால், சமிக்ஞைப் பிரிவு மூவரையும் ஏற்றுக்கொண்டது. சொன்னதைச் செய்பவர் யார் என்பதை விவரக்குறிப்பே பிரித்துக் காட்டட்டும் என்று விட்டது. ஸ்கொற் விரைவில் விலகிக்கொண்டார். ஹெரிங், ரைற் சகோதரரிடமே சென்று தமக்காக விமானத்தைச் செய்து தருமாறு உப ஒப்பந்தம் பேசினார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். செய்யத் தெரியாதவன் முதற் கையாகவும், செய்யத் தெரிந்தவன் இரண்டாம் கையாகவும் நிற்கும் அவ்வேற்பாட்டுக்குச் சகோதரர்கள் உடன்படவில்லை. பலமுறை கால நீடிப்புப் பெற்றும் ஹெரிங் பறக்கும் விமானம் எதையும் ஒப்படைக்கவில்லை.

ரைற் சகோதரரின் பாதையும் இடரற்றதன்று. 1908 செப்டெம்பர் 17இல் வாஷிங்டனுக்கு அண்மையில் உள்ள போட் மையர் முகாமில் நிகழ்ந்த சோதனையில் ஓர்வில் ஓட்டிய விமானம் வீழ்ந்து நொறுங்கியது. உடன் சென்ற லெப்டினன்ட் தோமஸ் செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர விமானத்தில் உயிர்நீத்த முதல் மனிதர் அவரே. ஓர்வில் கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். ஒப்பந்தம் முறிக்கப்படவில்லை. அதுவரை அவர்கள் காட்டிய திறனைக் கண்ட இராணுவம் கால நீடிப்பு வழங்கியது. நேர்மையாக முயன்றவனுக்கு விபத்து நேரின் கால நீடிப்பு உண்டு என்னும் வாசகம் ஒப்பந்தத்தில் ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு இது விளக்கம்.

1909 யூலை 27இல் ஓர்வில், லெப்டினன்ட் லாமுடன் ஒரு மணி 12 நிமிடம் பறந்தார். யூலை 30இல் லெப்டினன்ட் பூலுவாவுடன் அலெக்சாந்திரியா நோக்கிச் சென்று மீண்டார். சராசரி வேகம் மணிக்கு 42 மைலுக்குச் சற்று மேல். இரண்டு மைலுக்கான வெகுமதி 5,000 டொலர். ஓகஸ்ட் 2இல் விமானம் ஏற்கப்பட, சகோதரர்களுக்குக் கிடைத்தது 30,000 டொலர். பட்டமும் பதவியும் உடையவருக்கு அளவின்றிக் கொடுத்த 50,000 ஆற்றோடு போயிற்று. அளவு எழுதிப் பகிரங்கமாகக் கேட்டதனால், சைக்கிள் கடைக்காரரிடமிருந்து வேண்டிய பொருள் கிடைத்தது.

இக்கதையில் ஒரு நெருடலையும் மறைத்தலாகாது. விவரக்குறிப்பு வெளிவருமுன் வில்பர் சபையுடன் பேசியிருந்தார்; கேட்கப்பட்டவையும் அவர் தரக்கூடியவையாகவே இருந்தன. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக விவரக்குறிப்பு ஆகிவிடும் அபாயம் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. ஆகையினாலேதான் இன்றைய சட்டங்கள், முன்கூட்டிய கலந்துரையாடலில் ஒருவருக்குத் தெரிவித்ததை ஏனையோருக்கும் தெரிவிக்கவேண்டும் என்கின்றன.

குழாய் வணிகரின் கூட்டு

உறைகள் பல வந்தாலும் அவற்றை எழுதியவர்கள் முன்கூட்டியே தமக்குள் பேசி வைத்திருந்தால் போட்டி ஏது? அமெரிக்காவில் இரும்புக் குழாய் வார்த்த ஆறு நிறுவனங்கள், எந்த நகரின் வேலை யாருக்கு என்று தமக்குள் தீர்மானித்து, மற்றையோர் வேண்டுமென்றே கூடிய விலை எழுதி வந்தன. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது குற்றமென அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1899இல் தீர்ப்பளித்தது. எமது ஊர்ச் சந்தைக் குத்தகையில் 'இவ்வருடம் உனக்கு, அடுத்த வருடம் எனக்கு' என்று பேசி வைப்பதைச் சிலர் நட்பெனக் கருதியிருக்கலாம். நாம் வாழும் நாடுகளில் அது தண்டனைக்குரியது. ஆனால் சிறிய நிறுவனங்கள் சில பகிரங்கமாக ஒன்றுகூடி, எல்லோர் பெயரையும் எழுதி, ஒரே விலைமனுவைக் கொடுப்பது வேறு. அது கூட்டு விலைமனு. தனித்தனியே ஆற்றாத வேலையைச் சேர்ந்து ஆற்றுவதற்காக அவ்வாறு செய்வதைச் சட்டம் ஏற்கின்றது.

விலைக்கு அப்பால்

ஸ்கொற்றின் 1,000 டொலர் உறை இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. குறைந்த விலை மட்டுமே அளவுகோலாயின், செய்ய இயலாதவனே வெல்வான். அதனால் காலப்போக்கில் மூன்று வினாக்கள் பிரிந்தன. விலைமனு கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறுகின்றதா? அதைக் கொடுத்தவருக்கு அவ்வேலையைச் செய்யும் ஆற்றலும் நற்பெயரும் உண்டா? இவ்விரண்டும் தேறிய பின்னரே, விலையும் தரமும் சேர்த்து நோக்குமிடத்து எது நன்மையானது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பணிப்புரையும், 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சுவிற்சர்லாந்தின் திருத்திய சட்டமும், 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சட்டமும் இவ்வழியே செல்கின்றன. அழைப்பிலேயே தரத்துக்கு எத்தனை புள்ளி, விலைக்கு எத்தனை புள்ளி என்று எழுதியிருக்கும். அப்புள்ளி அட்டவணையே எமது முன்மொழிவின் பொருளடக்கமாகவும் இருக்கவேண்டும். 30 புள்ளி உள்ள வினாவுக்கு மூன்று வரியும், புள்ளியே இல்லாத எமது சங்க வரலாற்றுக்கு மூன்று பக்கமும் எழுதுதல் பயனற்றது.

பிணை என்னும் பழைய மதிலிலும் சில வாயில்கள் திறக்கப்பட்டுள்ளன. மேற்கூறிய ஐரோப்பியப் பணிப்புரையின்படி, பெரிய ஒப்பந்தங்களைப் பகுதிகளாகப் பிரிக்காவிடின் அதற்குக் காரணம் கூறவேண்டும். விலை கூறுவோரிடம் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம், தக்க காரணமின்றி, ஒப்பந்த மதிப்பின் இரு மடங்குக்கு மேற்படலாகாது. வேறொரு நிறுவனத்தின் ஆற்றலைத் துணையாகக் காட்டவும் இடமுண்டு. நம்பமுடியாத அளவு குறைந்த விலை கூறியவரிடம் விளக்கம் கேட்கவேண்டும். தோற்றவருக்குக் காரணம் அறிவிக்கப்படவேண்டும்; முடிவை அறிவித்த பின் குறைந்தது 10 நாட்கள் பொறுத்தே, பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். அந்நாட்களில் முறையிட உரிமை உண்டு. இவ்விதிகள் ஒரு குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். சிறியனவற்றுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். ஆகவே அந்தந்த நகரசபையின் அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. எழுத்து மூலம் வினா எழுப்பவும் கால எல்லைக்குள் இடமுண்டு. கேட்பது இழுக்கன்று.

விலை எழுதும்போது எம்மவர் ஒன்றை மறத்தலாகாது. எவ்வாறேனும் வேலையைப் பெற்றுவிடவேண்டும் என்ற தவிப்பில், தம் மனைவியின் உழைப்பையும் பிள்ளைகளின் ஓய்வுநாளையும் விலையில் சேர்க்காது எழுதுவோர் உண்டு. விடுமுறைக் கூலி, காப்புறுதி, வரி, உபகரணத் தேய்மானம் என்பவற்றை விட்டுவிட்டு எழுதிய விலை, வென்றாலும் தோல்வியே. ரைற் சகோதரர் மூவரினும் கூடிய விலையைக் கேட்டனர். தாம் கூறிய விலைக்குள் தாம் கூறியதைச் செய்தும் காட்டினர்.

புத்தெயோலியின் சுவர் தொடக்கம் போட் மையர் முகாம் வரை இவ்வரலாறு எமக்குக் கூறுவது ஒன்றே. மனிதர் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் ஊரில் வாய்ச்சொல் போதும். அறியாதவர் வாழும் நாட்டில் தாளே சாட்சி. எம்மை அறிந்தவர் இங்கு எவருமில்லை என்று நாம் வருந்துகின்றோம். எம்மை அறியாதவருடன் நீதியாகப் பேசுவதற்காகவே மனிதகுலம் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தித் திருத்தி எழுதிய மொழி இது. நாம் வந்த நாட்டின் மொழியைக் கற்றோம், அதன் சட்டத்தைக் கற்கின்றோம், இம்மொழியையும் கற்போம். மூன்றாம் கையும் நாலாம் கையுமாக நின்றது போதும்.